சின்சில்லாவுக்கு எந்த மரம் ஆகும்?

அரசியலும் நூல் விமர்சனமும் எழுதிப் பழகிய கைக்கு ஒரு கொறி விலங்கின் பற்களைப்பற்றி எழுதுவது புதிது. ஆயினும் எழுதவேண்டிய தேவை இருப்பதாகவே எண்ணுகிறேன். புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளில் நாயும் பூனையும் மட்டுமன்றி முயல், கினிப்பன்றி, ஹம்ஸ்டர், சின்சில்லா என்று முன்னர் நாம் அறிந்திராத பிராணிகளும் பிள்ளைகளின் வற்புறுத்தலால் குடியேறிவிட்டன. பிள்ளைக்கு அதன்மீது அன்பு உண்டு. பெற்றோருக்கு அதைப்பற்றிய அறிவு இல்லை. இந்த இடைவெளியைக் கடையில் விற்கும் அட்டைப்பெட்டி நிரப்பிவிடுகிறது. அப்பெட்டியில் எழுதியிருப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இங்கே விடயம்.

சின்சில்லாவைக் காணாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அணிலின் வாலும் முயலின் முகமும் எலியின் மீசையும் ஒருங்கே வாய்த்த, பெரும்பாலும் சாம்பல் நிறமான, ஏறக்குறைய அரைக் கிலோ நிறையுள்ள பிராணி அது. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பிரதேசம் அதன் தாயகம். நமது தலையில் ஒரு மயிர்க்குழியிலிருந்து ஓரிரு மயிர்கள் முளைக்கின்றன என்றால், அதற்கு ஒரு குழியிலிருந்தே அறுபது மயிர்கள்வரை முளைக்கின்றன. அந்த மென்மையே அதற்கு எமனாயிற்று. ஒரு முழுநீள அங்கி தைக்க நூற்றுக்கு மேற்பட்ட தோல்கள் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேட்டை அவ்வளவு மும்முரமாக நடந்ததால், 1910 இல் சிலி, பொலிவியா, ஆர்ஜென்ரீனா, பெரு ஆகிய நாடுகள் வேட்டையைத் தடைசெய்து உடன்படிக்கை செய்யவேண்டி வந்தது. 1923 இல் மத்தியாஸ் சப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் பதினொரு சின்சில்லாக்களைச் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பலில் கொண்டுசென்றார். அவை உரோமப் பண்ணைக்காகக் கொண்டுசெல்லப்பட்டவை. இன்று வட அமெரிக்க வீடுகளின் கூண்டுகளில் துள்ளுபவை பெரும்பாலும் அந்தப் பதினொன்றின் வழித்தோன்றல்களே. காட்டில் எஞ்சியவற்றுக்காகச் சிலி அரசு 1983 இல் இல்லாபெல் நகருக்கு அருகே ஒரு சரணாலயத்தை அமைத்தது. இருந்தும் இரு சின்சில்லா இனங்களும் அழியும் ஆபத்திலுள்ளவையாகவே இன்றும் கணிக்கப்படுகின்றன.

இந்த வரலாற்றை நான் நீட்டியதற்குக் காரணம் உண்டு. வறண்ட மலைச்சரிவில் கரடுமுரடான புல்லையும் புதரையும் பட்டையையும் தின்று வாழப் படைக்கப்பட்ட வாய் அது. கூண்டு மாறிற்று, நாடு மாறிற்று, வாய் மாறவில்லை.

2023 ஆம் ஆண்டின் முற்பகுதியில் மூன்று மாதங்கள் ஸ்காபரோவில் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அங்கேதான் இந்தப் பிராணியோடு எனக்குப் பழக்கம். தங்கையின் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. தொடர்மாடிக் குடியிருப்பொன்றை விட்டு வேறு மாகாணத்துக்குப் போன ஒரு குடும்பம், கூண்டோடும் பொருட்களோடும் அதனை இவளிடம் ஒப்படைத்துச் சென்றிருந்தது. பெயர் பிஸ்கட். வயது ஐந்து அல்லது ஆறு. பகல் முழுவதும் உறங்கி, நாங்கள் உறங்கப் போகும் நேரத்தில் எழுந்து, விடியும்வரை கொறித்துக்கொண்டிருக்கும். பத்திரிகைக் காரியாலயத்தில் இரவுப் பணி பார்த்தவனாகையால் அதன் நேரசூசி எனக்குப் பொருந்தியது. இரவில் நான் வாசித்துக்கொண்டிருக்க அது தன் கட்டையைக் கறும்பிக்கொண்டிருக்கும்.

கொறிப்பது அதற்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று. சின்சில்லாவுக்கு இருபது பற்கள். முன்னே வெட்டும்பற்கள் நான்கு, உள்ளே கடைவாய்ப் பக்கம் பதினாறு. நம் ஊர் எலிக்கும் அணிலுக்கும் வெட்டும்பற்கள் மட்டுமே வாழ்நாள் முழுவதும் வளர்பவை. சின்சில்லாவுக்கோ இருபதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். வெட்டும்பற்கள் ஆண்டொன்றுக்கு ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர்வரை வளரக்கூடியவை. தேயாவிட்டால் வாய் மூடாது, தின்ன முடியாது, பட்டினிதான். அவற்றின் முற்புறம் செம்மஞ்சள் நிறமாயிருப்பதைக் கண்டு புதிதாக வளர்ப்போர் பயப்படுவார்கள். பயப்படவேண்டியது அந்த நிறம் வெளிறும்போதுதான். வளர்ந்த சின்சில்லாவின் பல் வெண்மையாக இருந்தால் மிருக வைத்தியரிடம் போகவேண்டும்.

மருமகள் தன் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து அதற்குக் கொறிபொருட்கள் வாங்குவாள். ஒரு சனிக்கிழமை நானும் கூடச் சென்றேன். பிராணிகளுக்கான பொருட்களை மட்டுமே விற்கும் பெருங்கடை. கொழும்பில் ஒரு நடுத்தரப் புத்தகசாலையின் அளவில் அந்த ஒரு பகுதியே இருந்தது. கரட் வடிவில் கட்டை, ஐஸ்கிறீம் வடிவில் கட்டை, சிவப்பு, நீலம், பச்சைச் சாயமேற்றிய கட்டைகளைக் கயிற்றில் கோத்த மாலை, மணி தொங்கும் மரப்பாலம், பளிங்கு போன்ற உப்புக்கட்டி, விதைகளைத் தேனில் ஒட்டிய குச்சி. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: சிறு விலங்குகளுக்குப் பாதுகாப்பானது. எந்த மரம் என்று சிலவற்றிலேயே எழுதியிருந்தது. என்ன பசை, என்ன சாயம் என்று ஒன்றிலுமே இல்லை.

யுத்தகாலத்தில் நாங்கள் செய்தியின் அடியில் ஒரு வரி சேர்ப்போம்: இத்தகவலைச் சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை. அந்த வரியை இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றின் மீதும் அச்சிடலாம் என்று எனக்குத் தோன்றியது. யார் சோதித்தார், எதில் சோதித்தார், எத்தனை நாள் சோதித்தார் என்ற கேள்விகளுக்கு அட்டையில் பதில் இல்லை. கனடாவில் 2010 இல் நிறைவேறிய நுகர்வோர் பொருட் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்துப் பார்த்தேன். அது பேசுவது மனிதரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் நேரக்கூடிய ஆபத்தைப்பற்றி. குழந்தையின் கிலுகிலுப்பைக்கு எத்தனையோ விதிகள் உண்டு. சின்சில்லாவின் கட்டை எவரது கண்ணிலும் படவில்லை. ஆகவே பாதுகாப்பானது என்ற சொல் விற்பவரின் கருத்து. கருத்துச் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதைச் செய்தியாகப் பிரசுரிக்க மாட்டேன்.

"மாமா, இதில நூறு வீதம் இயற்கை எண்டு போட்டிருக்கு. பிறகென்ன?" என்றாள் மருமகள்.

"அலரியும் இயற்கைதான் பிள்ளை" என்றேன்.

கனடாவில் பிறந்தவளுக்கு அலரி தெரியாது. தாயைப் பார்த்தாள். தங்கை பேசாமல் வண்டிலைத் தள்ளிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போனாள். யாழ்ப்பாணத்தவருக்கு அந்தப் பெயரின் பாரம் தெரியும். பிறகு வாகனத்தில் வரும்போது அவளே மகளுக்குச் சொன்னாள். வேலியோரத்தில் மஞ்சட் பூவாய்ப் பூத்துக்குலுங்கும் அந்த மரத்தின் விதை எங்கள் ஊரில் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது என்பதைக் குழந்தைக்குச் சொல்லக்கூடிய அளவில் சொன்னாள்.

உண்மையில் எந்தக் குழை ஆகும், எந்தக் குழை ஆகாது என்ற அறிவு நம்மவருக்குப் புதிதன்று. ஆடு வளர்த்த வீடுகளில் பலாக்குழை, கிளுவங்குழை, முள்முருக்கங்குழை என்று பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள். மரவள்ளித் தோட்டத்துக்குள் ஆடு புகுந்துவிட்டால் வீடே பதறும். மரவள்ளிக்கிழங்கை மூடி திறந்து அவிக்கவேண்டும் என்பதும், அது தின்ற அன்று இஞ்சி தொடக்கூடாது என்பதும் எங்கள் பாட்டிமார் விதித்த சட்டங்கள். இஞ்சிச் சட்டத்தில் எவ்வளவு விஞ்ஞானம் உண்டென்று நான் வாதிட வரவில்லை. மரவள்ளியில் சயனைட்டை வெளிவிடும் பொருள் இருப்பது மாத்திரம் உண்மை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதே வகையான பொருள்தான் செரி, பிளம், பீச், அப்பிரிக்கொட் ஆகிய மரங்களின் இலையிலும் பட்டையிலும் தளிர்க்கொம்பிலும் இருக்கிறது. உள்ளே ஒற்றைக் கல்விதை கொண்ட பழ மரங்கள் எல்லாம் சின்சில்லாவுக்கு விலக்கு. (நம்மவர் பிளம்ஸ் என்று சொல்வது முந்திரிகை வற்றலை. நான் சொல்வது அந்த மரத்தில் காய்க்கும் சிவப்புப் பழத்தை. முந்திரிகை வற்றலுக்கும் இக்கதையில் ஒரு பாகம் உண்டு, பின்னர் வருகிறேன்.)

ஆகும் மரங்களின் வரிசை நீளமானதன்று. அப்பிள், பெயார்ஸ், வில்லோ, அஸ்பென், மல்பெரி, ஹேசல் என்பனவற்றைப் பலகாலமாக வளர்ப்போரும் மிருக வைத்தியர்களும் ஏற்கின்றனர். வில்லோவின் பட்டையில் சலிசின் உண்டு. அஸ்பிரின் மாத்திரைக்கு முன்னோடி அதுவே. ஆகவே அதை மட்டுமே நாள்தோறும் கொடுக்காமல் மற்றவற்றோடு மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது. பைன் மரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பச்சையாக வெட்டிய பைனில் பிசினும் காரமான ஆவிகளும் நிறைந்திருக்கும். சூளையில் உலர்த்தியதில் அவை பெரும்பாலும் நீங்கிவிடும். எனவே ஒரே மரம் ஒரு நிலையில் ஆகும், மறுநிலையில் ஆகாது. சீடார் எந்நிலையிலும் வேண்டாம். அதன் நறுமணம் நமக்கு இதம், மூடிய கூண்டுக்குள் வாழும் பிராணியின் சுவாசத்துக்கும் ஈரலுக்கும் தீங்கு. தோடை, எலுமிச்சை இன மரங்களையும், யூகலிப்டஸ் போன்ற எண்ணெய் மரங்களையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஒட்டுப்பலகையில் மரம் எதுவானாலும் பசைதான் பாதி.

மார்ச் மாதத்தில் அயல்வீட்டு இத்தாலிய முதியவர் தம் வளவில் நின்ற மரங்களுக்குக் கிளை கழித்தார். எங்கள் வீட்டில் ஒரு பிராணிக்கு அப்பிள் கொம்பு வேண்டும் என்று தங்கை முன்பே சொல்லிவைத்திருந்தாள். மனிதர் பெரிய கட்டொன்றாகக் கட்டி, வேலிக்கு மேலால் போட்டுவிட்டார். அவரது வளவில் அப்பிளும் உண்டு, செரியும் உண்டு. இலையில்லாக் காலம். எல்லாக் கொம்பும் பார்வைக்கு ஒன்றே. நானும் மருமகளும் குசினி மேசையில் பத்திரிகைத் தாளை விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். செரியின் பட்டையில் கிடைக்கோடுகளாகச் சிறு தழும்புகள் ஓடும், பட்டை பளபளவென்றிருக்கும். நகத்தால் கீறி முகர்ந்தால் கசப்பு வாதுமையின் மணம் மெல்ல எழும். அப்பிளில் அவை இல்லை. பதினான்கு கொம்புகளைச் செரி என்று ஒதுக்கினோம். ஐயத்துக்குரியவை மூன்று. அவையும் குப்பைக்கே. ஐயமிருந்தால் விட்டுவிடு என்பது பத்திரிகைத் தொழிலில் நான் படித்த முதற்பாடம், அது கட்டைக்கும் பொருந்தியது. கண்ணுக்குச் சுத்தமான கடைக்கட்டையில் இந்தச் சோதனை எதையும் செய்ய முடியாது. பட்டை உரித்து, இழைத்து, சாயம் பூசிவிட்ட மரத்தின் ஊரையும் பெயரையும் யார் அறிவார்?

கொம்பைத் தெரிந்தால் மட்டும் போதாது. மரத்துக்கு மருந்து அடித்ததா என்று கேட்கவேண்டும். முதியவர் தாம் ஒருபோதும் மருந்தடிப்பதில்லை என்று சற்றுக் கோபத்தோடேயே சொன்னார். பெருந்தெருவோரத்து மரம் வேண்டாம், புகை படிந்திருக்கும். பூஞ்சணம் பிடித்தது வேண்டாம். சவர்க்காரம் போடாமல் தூரிகையால் தேய்த்துக் கழுவி, கொதிநீரில் இட்டெடுத்து, அடுப்பின் குறைந்த சூட்டில் ஈரம் போகும்வரை காயவைத்தோம். பட்டையை உரிக்கவில்லை. பட்டைதான் அதற்கு விருப்பம். விரற்பருமன் கொம்பை இரு முன்னங்கால்களாலும் புல்லாங்குழல் போலப் பிடித்துக்கொண்டு பட்டையைச் சீவிச் சீவி எடுப்பதைக் காண வேண்டுமே! எங்கள் ஊர் விதானையார் கரும்பு தின்பதுபோல இருந்தது.

மரமல்லாதவற்றைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்ரிக் கூடவே கூடாது. சின்சில்லாவால் வாந்தியெடுக்க முடியாது. கடித்து விழுங்கிய துண்டு குடலில் சிக்கினால் வெளியேற ஒரே வழிதான், அந்த வழி அடைபட்டால் சில நாட்களிலேயே முடிந்துவிடும். பிஸ்கட்டோடு வந்த கூண்டில் இருந்த பிளாஸ்ரிக் வீடொன்றின் ஒரு மூலை முழுதாகக் காணாமற் போயிருந்தது. அந்த மூலை எங்கே போயிருக்கும் என்பதை மருமகள் யோசித்துவிட்டு, அன்றே அதைக் குப்பையில் போட்டாள். பருத்திக் கயிறும் அப்படியே, நூல்நூலாகப் பிரிந்து உள்ளே போகும். மணிகளும் நாகம் பூசிய கம்பிகளும் உலோக நஞ்சுக்கு இடமளிப்பவை. கல்சியக் கட்டியும் உப்புக்கட்டியும் தேவையற்றவை. உலர்புல்லிலும் தீவனத்திலும் போதிய கல்சியம் உண்டு. மிதமிஞ்சினால் சிறுநீர்ப்பையில் கல்லாகும். தேனில் ஒட்டிய விதைக்குச்சியை ஹம்ஸ்டர் தின்னலாமோ என்னவோ, நார் தின்னப் பிறந்த குடலுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் வாயுவையும் வயிற்றுப்போக்கையுமே தரும். சிறு விலங்குகள் என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்குவதில் உள்ள அநியாயம் இது. எரிமலை நுரைக்கல், அச்சு மையும் ஒட்டுநாடாவும் இல்லாத சிறிதளவு மட்டை ஆகியன கொடுக்கலாம்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். பிஸ்கட்டின் முன்பற்கள் செம்மஞ்சளாய், அளவாய், எவரும் பாராட்டும்படி இருந்தன.

ஏப்ரல் நடுப்பகுதியில் அதன் தாடைக்குக் கீழே மயிர் நனைந்து ஒட்டியிருப்பதைத் தங்கை கண்டாள். தண்ணீர் குடித்த ஈரம் என்று நினைத்தோம். மறுநாளும் இருந்தது. வலது கண்ணில் நீர் கசிந்தது. புழுக்கை முன்பு ஒரு சோற்றுப்பருக்கையைவிடப் பெரிதாய், உருண்டு திரண்டிருக்கும். அது சிறுத்துக் கூராகியிருந்தது. புல்லை ஆவலோடு எடுக்கும், இரு தரம் மெல்லும், கீழே போட்டுவிடும். குசினித் தராசில் வைத்தோம். 468 கிராம். முன்னைய குடும்பம் கொடுத்த குறிப்பேட்டில் 560 என்று எழுதியிருந்தது. உரோமம் அவ்வளவு அடர்த்தியாகையால், தொண்ணூறு கிராம் குறைந்தது எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அந்தப் பிராணியின் உடலில் அது ஆறிலொரு பங்கு.

சின்சில்லா பார்க்கும் மிருக வைத்தியர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. நாயும் பூனையும் பார்க்கும் அருகிலுள்ள நிலையத்தில் முன்பற்களைப் பார்த்து, பல் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அயல்தேச விலங்குகளைப் பார்க்கும் வைத்தியரொருவரை ஒரு மணிநேர ஓட்டத்தில் கண்டுபிடித்தோம். அந்த அம்மையார் முன்பற்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கீழ்த்தாடையின் அடிப்புறத்தை விரல்நுனியால் தடவினார். அங்கே சிறு மேடுகள் இருந்தன. மயக்கமருந்து கொடுத்து எக்ஸ்றே எடுத்தபோது விடயம் வெளிப்பட்டது. கடைவாய்ப்பற்கள் வாய்க்குள் நீளக்கூடிய அளவு நீண்டு, பின் எதிர்ப்பக்கமாக, வேர்ப்புறம் தள்ளியிருந்தன. மேல்வரிசை வேர்கள் கண்குழியை நோக்கியும், கீழ்வரிசை வேர்கள் தாடையெலும்பைத் துருத்திக்கொண்டும். கண்ணீரின் காரணம் அது. ஓரிரு பற்களின் விளிம்பு ஊசிபோல் வளர்ந்து கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தது. வாயூறலின் காரணம் இது.

நாங்கள் கொண்டுசென்ற அப்பிள் கொம்புகளைக் கண்டு அவர் பாராட்டவே செய்தார். ஆனால் கட்டையைக் கொறிக்கையில் உழைப்பவை வெட்டும்பற்கள், பின்னேயிருக்கும் பதினாறுக்கும் அதனால் பெரிய பயன் இல்லை என்றார். அவை தேயவேண்டுமானால் கரடான நீண்ட புல்லை மணிக்கணக்கில் பக்கவாட்டில் அரைக்கவேண்டும். முன்பு என்ன தின்றது என்று கேட்டார். குறிப்பேட்டில் இருந்தது: காலையும் மாலையும் அழுத்திச் செய்த தீவன உருண்டைகள், இரவில் முந்திரிகை வற்றல் ஆறு, புல் விரும்பினால் சிறிது. ஐந்து ஆண்டுகள். தீவன உருண்டை இரண்டு கடியில் மாவாகிவிடும். வற்றலுக்கு மெல்லவே தேவையில்லை. பரம்பரைக் குறையும் சேர்ந்திருக்கலாம் என்றும் அவர் சொன்னார். எந்தக் குடும்பத்தின்மீதும் முழுப்பழியைப் போட அவர் விரும்பவில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப்பற்றிச் சொல்லவேண்டும். தமிழில் இதை வைக்கோல் என்று மொழிபெயர்த்திருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். தவறு. வைக்கோல் என்பது கதிர் அடித்தபின் எஞ்சும் தாள். இது பூக்கும் பருவத்தில் வெட்டி வெயிலில் காயவைத்த திமோத்திப் புல் முதலியவை. பச்சை மணம் மாறாமல் இருக்கும். தண்டு முரடாய், இலையும் கதிரும் சேர்ந்ததாய் இருப்பது பல்லுக்கு நல்லது. உலர்புல் என்றே சொல்லலாம். ஒரு மூட்டை உலர்புல்லுக்கு ஆகும் செலவு, அந்தச் சாயக்கட்டை மாலையொன்றின் விலையை ஒத்தது. கடையிலோ அது மூலையில், கீழ்த்தட்டில், விளம்பரமின்றிக் கிடந்தது.

அந்நோய் மாறாது. விளிம்புகளை மயக்கமருந்தின் கீழ் அராவிவிடலாம், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் அராவவேண்டும், ஒவ்வொரு மயக்கமும் அவ்வளவு சிறிய இதயத்துக்கு ஒரு பரீட்சை. தங்கையின் கணவர் பகலில் தொழிற்சாலையிலும் வார இறுதியில் இன்னோர் இடத்திலும் வேலை பார்ப்பவர். செலவுக் கணக்கைக் கேட்டதும் அவர் வாசலில் போய் நின்றார். ஊரில் மூன்று சகோதரிகளுக்கு உண்டியலில் காசு அனுப்பிய மனிதர். ஒரு எலிக்கு இவ்வளவா என்று அவர் கேட்டிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேட்கவில்லை. திரும்பி வந்து, "முதல் ஒருக்காச் செய்வம், பிறகு பாப்பம்" என்றார்.

ஆறு தடவைகள் செய்தார்கள். அராவியபின் இரண்டு வாரம் அது புல்லை நொறுக்கும், நிறை ஏறும், மருமகள் சனிக்கிழமைதோறும் நிறுத்துக் கொழும்புக்கு எனக்கு இலக்கத்தை அனுப்புவாள். 481. 502. 510. பின் மெல்ல இறங்கும். புல்மாவைத் தண்ணீரில் குழைத்து ஊசியில்லாத சிறிஞ்சால் அவள் பருக்குவாள், பாடசாலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் இருமுறை. கடைசி நாட்களில்கூட அப்பிள் கொம்பை மட்டும் அது விடவில்லை. முன்பற்கள் கடைசிவரை அழகாகவே இருந்தன. 2024 நவம்பரில் 430 கிராமுக்குக் கீழே இறங்கியபோது, இனி அராவுவதற்குப் பல்லில் ஒன்றுமில்லை, வேரில்தான் எல்லாம் என்று வைத்தியர் சொன்னார். அன்று முடித்துவைத்தார்கள். அவளே மடியில் வைத்திருந்தாளாம்.

இதற்கிடையில் கொழும்பு நண்பரொருவர் தம் பேரனுக்குச் சின்சில்லா எங்கே வாங்கலாம் என்று என்னைக் கேட்டார். இருபத்தைந்து பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் அது வெப்ப அதிர்ச்சியில் விழக்கூடும். கொழும்பில் நள்ளிரவிலும் அதற்கு மூச்சு முட்டும். நுவரெலியா குளிர்தான், ஆனால் அந்த ஈரம் உரோமத்துக்கு ஆகாது. அணில் முற்றத்துக்கு வருகிறதே, அதைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

சென்ற ஆண்டு கோடையில் மருமகள் இன்னொரு சின்சில்லாவை எடுக்க விரும்பினாள். கடையில் வாங்கமாட்டேன், கைவிடப்பட்டதொன்றையே எடுப்பேன் என்றாள். தாயோடு ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். கூண்டு நிறைய வர்ணக் கட்டைகளும் பாலங்களும் தொங்கினவாம். வீட்டுக்காரி அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, எல்லாம் பாதுகாப்பானவை என்று சொல்லியிருக்கிறாள். இவள் கேட்டது ஒன்றுதான்: புல் எங்கே? அலுமாரிக்கு அடியிலிருந்து பாதி தீர்ந்த ஒரு பை வந்தது. எப்போது வாங்கியது என்று அவர்களுக்கு நினைவில்லை.

இருந்தும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே அந்த அம்மையாரிடம் காட்டி எக்ஸ்றே எடுத்தாயிற்று. வேர்களில் தொடக்கம்போலச் சிறு நீட்சி தெரிகிறது, வயது இரண்டுதான், புல்லுக்குப் பழக்கினால் தடுக்க வாய்ப்புண்டு என்றாராம். இப்போது தீவன உருண்டை நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி, வற்றல் இல்லை, கூண்டின் இரு பக்கமும் உலர்புல். முதல் வாரம் உண்ணாவிரதம் இருந்ததாம். இரண்டாவது வாரம் தொடங்கிவிட்டது. இந்த மார்ச்சிலும் இத்தாலிய முதியவர் வேலிக்கு மேலால் கட்டுப் போட்டிருக்கிறார். அப்பிள் மட்டும், வெள்ளை நூலால் கட்டி. செரியை அவரே தனியாக எரித்துவிடுகிறாராம்.